பீடி சுற்றும் தாய்க்குக் கொலுசு ஆசை வரக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் நடந்த சிறுகதை விவாதக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் எழுதிவிட்டீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன். வாய் திறக்காமல் இருந்துவிட்டது மூன்று நாளாக என்னை உறுத்துகிறது.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த பணத்தில் ஒரு தாய் தனக்குக் கொலுசு வாங்கிக்கொள்வதாக, அங்கே பேசப்பட்ட சிறுகதையில் ஒரு தங்கை எழுதியிருந்தாள். 'பீடி சுற்றுகிற தாய் இப்படிச் செய்யவே மாட்டாள், பாத்திரம் நம்பும்படி இல்லை' என்று மேடையில் இருந்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஏன் செய்ய மாட்டாள்? தொழிலையும் துயரத்தையும் கூட்டி எழுதிவிட்டால் ஆள் உருவாகிவிடுமா?

முக்கூடலில் என் ஆச்சி பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். மடியில் சுளவு, அதில் தூளும் வெட்டிய இலையும். கண் தெருவில் இருக்கும், விரல் தன்பாட்டில் சுருட்டி நூல் கட்டும். ஆயிரம் பீடிக்கென்று நிறுத்துத் தரும் இலையில் ஓட்டையும் கிழிசலும் இருந்தால், குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். அப்படிக் குறைந்துபோய், கணவனை இழந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் இலை கேட்டு வந்தபோது, ஈரச் சாக்குக்கு அடியில் ஒரு கட்டு இருந்தும் 'இல்லை' என்றாள் ஆச்சி. அன்று இரவே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறும் புளிக்குழம்பும் கொடுத்தனுப்பினாள். தூக்குச்சட்டியைச் சுமந்து போனவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டும் ஒரே ஆச்சிதான். இதில் எதை நீக்கினால் அவள் நம்பத்தக்கவள் ஆவாள்?

'நிஜத்தில் நடந்தது என்பதற்காகவே கதையில் நம்பிவிட முடியாது' என்பீர்கள். அது சரியான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். முழுமையான பாத்திரம் நம்மை வியக்க வைக்க வேண்டும், அந்த வியப்பு நம்பும்படியும் இருக்க வேண்டும் என்று 1927இலேயே ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் சொல்லிவிட்டார். ஆனால் கதை எழுதிய தங்கை அதற்கு வழி செய்திருக்கிறாளே! சுற்றிய பீடியை ஒப்படைக்கப் போகும்போது நகைக்கடைக் கண்ணாடி முன்னால் அந்தத் தாய் நிற்பது முதல் பக்கத்திலேயே வருகிறது. அந்தப் பக்கத்தைப் படித்தீர்களா, இல்லையா?

'உழைக்கும் பெண்களைக் கொச்சைப்படுத்துகிறீர்கள்' என்று எனக்குச் செய்தி அனுப்பியவருக்கு ஒன்று சொல்கிறேன். ஆசையே இல்லாத தியாகியாக மட்டும் அவர்களை எழுதச் சொல்வதுதான் கொச்சை. வசதியான வீட்டுப் பெண்ணுக்குக் கதையில் மனக்குழப்பம் இருக்கலாம், எங்கள் ஆச்சிமாருக்குக் கண்ணீர் மட்டும்தானா? இதைக் கேட்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிஞ்சுகிறது.

நேற்று இரவு அந்தத் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். 'அக்கா, கொலுசை மகளுக்கு வாங்கியதாக மாற்றிவிடட்டுமா?' என்று கேட்டாள். மாற்றாதே, அது அந்தத் தாயின் காலிலேயே கிடக்கட்டும் என்றேன்.