அரசு இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு 1.5 விதி கிடையாதா?

மருத்துவ பாலிசி எடுக்கும்போது பிரீமியம் எவ்வளவு, எந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் உண்டு, கிளைமை இழுத்தடிக்காமல் தருவார்களா என்று மூன்று விஷயம் விசாரிப்போம். நாளைக்குக் கொடுக்க அந்த நிறுவனத்திடம் பணம் இருக்குமா என்று யாரும் விசாரிப்பதில்லை, ஏஜென்ட்டும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஐதராபாத்தில் ஐஆர்டிஏஐ என்ற காப்பீட்டுக் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி.

விதி தெளிவாகவே இருக்கிறது. பாலிசிதாரர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்கெல்லாம் ஒதுக்கி வைத்தது போக, எதிர்பாராத அடியைத் தாங்க ஒரு நிறுவனம் கூடுதல் சொத்து வைத்திருக்க வேண்டும். எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கையில் இருப்பது அதைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். சால்வென்சி விகிதம் 1.5 என்பது இதுதான். கீழே இறங்கினால், எப்போது எப்படிச் சரிசெய்யப் போகிறாய் என்று ஐஆர்டிஏஐ திட்டம் கேட்கும். பாலிசிதாரர் நலனுக்குக் கேடு வரும் என்று தோன்றினால் நிர்வாகத்திலேயே கை வைக்கும். 2017இல் சஹாரா லைஃப் நிறுவனத்துக்கு நிர்வாகியை நியமித்தது. 2023 ஜூனில் அதன் பாலிசிகளை எஸ்பிஐ லைஃபுக்கு மாற்றச் சொல்லி உத்தரவும் போட்டது. தீர்ப்பாயம் அதற்குத் தடை விதித்தது வேறு கதை. தனியார் என்றால் இந்த அளவுக்காவது போகிறார்கள்.

இப்போது அரசின் சொந்த நிறுவனங்களுக்கு வருவோம். நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா மூன்றும் பல ஆண்டுகளாக அந்த 1.5ஐத் தொடவில்லை. 2018 பட்ஜெட்டில் மூன்றையும் ஒன்றாக இணைப்போம் என்றார்கள், 2020இல் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். 2019-20 முதல் 2021-22 வரை மத்திய அரசு மொத்தம் 17,450 கோடி ரூபாய் மூலதனம் போட்டது. அதற்குப் பிறகும் 2024 மார்ச் கணக்கில் மூன்றின் சால்வென்சியும் பூஜ்யத்துக்குக் கீழே. ஒரு தனியார் நிறுவனம் இந்த நிலையில் இருந்தால் புதுசாக ஒரு பாலிசி விற்க விடுவார்களா?

யுனைடெட் இந்தியாவின் தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2012இல் இருந்து அதன் வழியாகத்தான் நடக்கிறது. அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டையும் 2021இல் அதனிடம்தான் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் அதை நம்பி இருக்கின்றன. அதனால் இது டெல்லி விவகாரம் என்று ஒதுங்கிப் போக முடியாது.

பணம் எங்கே போனது என்பதற்கு, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையில் விடை இருக்கிறது. 2016-17 முதல் 2020-21 வரையான ஐந்து ஆண்டில் நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் (இந்த மூன்றும் நியூ இந்தியாவும்) மருத்துவக் காப்பீட்டில் மட்டும் கண்ட நஷ்டம் 26,364 கோடி ரூபாய். முக்கியக் காரணம் க்ரூப் பாலிசி. நிறுவனங்களும் அமைப்புகளும் தங்கள் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுப்பதை, வியாபாரம் கைவிட்டுப் போகக்கூடாது என்று அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். க்ரூப் பாலிசியில் செலவும் கிளைமும் சேர்ந்து பிரீமியத்தைத் தாண்டக்கூடாது என்று நிதி அமைச்சகமே 2012, 2013இல் வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. நடந்தது என்ன? 100 ரூபாய் பிரீமியம் வாங்கி, 125 முதல் 165 ரூபாய் வரை வெளியே கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருடம் தவறினால் புரிந்துகொள்ளலாம். வருடா வருடம் நடந்தால், மேலே இருந்தவர்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விதி போட்டவரும் அரசு, அதை மீறிய நிறுவனத்தின் முதலாளியும் அரசு.

“அரசு நிறுவனம் மூழ்குமா, அரசு விட்டுவிடுமா?” என்று கேட்பார்கள். எல்ஐசிக்கு 1956 சட்டத்தின் 37ஆம் பிரிவில் அரசின் உத்தரவாதம் எழுத்திலேயே இருக்கிறது. இந்த மூன்று நிறுவனங்களுக்கும் அப்படிச் சட்ட வரி எதுவும் கிடையாது. வங்கி திவாலானால் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்று உறுதி உண்டு. காப்பீட்டு நிறுவனம் விழுந்தால் இவ்வளவு கிடைக்கும் என்று தொகை சொல்லும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2001இல் எச்ஐஎச் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம் சரிந்தது. வரப்போகும் கிளைமுக்குப் போதுமான பணத்தை ஒதுக்காமல், குறைந்த விலைக்கு பாலிசி விற்றுக்கொண்டே போனதுதான் அதன் நோய். அங்கேயும் கண்காணிப்பு அமைப்பு இருந்தது, உரிய நேரத்தில் தலையிடவில்லை. பற்றாக்குறை 530 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். கடைசியில் அரசு தன் கைப்பணத்தைப் போட்டு பாலிசிதாரர்களுக்கு நிவாரணம் தர வேண்டியதாயிற்று.

இந்த மூன்றையும் தனியாருக்கு விற்றுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தனியார் எட்டிப் பார்க்காத ஊர்களில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். அரசு சொன்னதற்காக லாபமில்லாத காப்பீட்டையும் சுமக்கிறார்கள். சரி, அந்தச் செலவை பட்ஜெட்டில் வெளிப்படையாக எழுதி, அந்த வருடமே கொடுங்கள். என் கிளைமுக்காக இருக்க வேண்டிய பணத்தில் இருந்து எடுக்காதீர்கள். ஊழியர் நலன் பார்க்கும் பெரிய நிறுவனங்களுக்கு மலிவு விலை கொடுப்பதில் என்ன சமூக சேவை இருக்கிறது?

2025 டிசம்பரில் காப்பீட்டுத் துறையில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கு நாடாளுமன்றம் வழி திறந்துவிட்டது. போட்டி இன்னும் கூடும், விலையை வெட்டும் ஆசையும் கூடும். வருகிற நிறுவனத்திடம் 1.5 கேட்கப் போகிற ஐஆர்டிஏஐ, அதே கண்டிப்போடு மத்திய நிதி அமைச்சகத்திடமும் கேட்க வேண்டும். ஒன்று மூலதனம் வர வேண்டும், இல்லை அது வரும்வரை நஷ்டத்துக்கு க்ரூப் பாலிசி எழுதுவது நிற்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. சால்வென்சி விகிதத்தை நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும். ஆனால் அது எங்கோ ஒரு படிவத்துக்குள் கிடக்கிறது, பாலிசி வாங்குகிறவர் கண்ணில் படுவதில்லை. பிரீமியத் தொகை அச்சாகிற அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த விகிதமும் இருக்கட்டும். பக்கத்திலேயே ‘இருக்க வேண்டியது 1.5’ என்றும் போடட்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டாம், ஐஆர்டிஏஐ ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.