இறக்கி முடியும் முன்னே பழசாகிற டூல்கள்

வெப்சைட் செய்யிறதுக்குப் புதுசா ஒரு டூலைத் தொட்டுப் பார்த்தாலே எரிச்சல்தான் மிஞ்சுது. ஒரு வெள்ளைப் பக்கத்தில "வணக்கம்" என்று காட்டவே, தேவையான கோட் எல்லாம் வந்து இறங்கிற நோட் மாடியூல்ஸ் போல்டர் சிலவேளை நூற்றுக்கணக்கான மெகாபைட்டுக்கு வீங்குது. மட்டக்களப்பு கல்லடியில இருந்து போன் ஹாட்ஸ்பாட்டில வேலை செய்யிற ஆக்களுக்கு அது மாதக் கடைசி டேட்டா. இறக்கி முடிய, வழிகாட்டியில உள்ள கட்டளை ஓடாது, வெர்சன் மாறிட்டுதாம்.

ரியாக்ட்டில வெப் ஆப் ஒன்றைத் தொடங்கித் தாற டூல், 2016இல் வந்த கிரியேட் ரியாக்ட் ஆப். அதை எத்தனை பேர் பாடமாக்கினோம்! 2025 பெப்ரவரியில அதைக் கைவிட்டாங்க. பக்கத்தின்ட தோற்றத்தை அமைக்கிற டெயில்வின்ட் டூலின்ட நாலாம் பதிப்பு, அதின்ட செட்டிங்ஸை இப்ப சிஎஸ்எஸ் என்ற தோற்றக் கோப்புக்குள்ளயே எழுதச் சொல்லுது. நல்ல மாற்றம்தான், மறுக்கல்ல. ஆனா பழைய வீடியோ பார்த்துப் படிக்கிற பொடியன்மாருக்கு இதை யார் சொல்றது? வழிகாட்டியின்ட தலைப்பிலயே பதிப்பு எண்ணையும் திகதியையும் போடுங்களன். எவ்வளவு இறங்கும் என்றதையும் சேர்த்துப் போடுங்க.