5,200-க்கும் 8,370-க்கும் நடுவே ஒரு தேதி

ஆசிரியர் சங்கம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மறியலும் கைதும் கல்யாண மண்டபமும்தான். சம்பளம் ஏறிய கதையை அரசாணை அரசாணையாக எடுத்துப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். போராட்டம் அரசைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்துவரும். கையில் என்ன வந்து சேரும் என்பது, அதற்குப் பின் வரும் ஆணையின் ஒரு வரியிலும், அந்த வரியில் உள்ள தேதியிலும் இருக்கிறது. இன்று பணியில் இருப்பவருக்கு வாங்கிக் கொடுப்பதில் தமிழ்நாட்டு ஆசிரியர் சங்கங்கள் கெட்டிக்காரர்கள். நாளை பணிக்கு வரப்போகிறவரின் சம்பளத்தில்தான் இரண்டு முறை கோட்டை விட்டோம். ஒன்று 1.4.2003, ஓய்வூதியத்தில். இன்னொன்று 1.6.2009, ஊதிய நிர்ணயத்தில்.

முதலில் வாங்கியதைச் சொல்லிவிட வேண்டும், அது சாதாரணமானதல்ல. ஊராட்சி ஒன்றியத்தின் கையை எதிர்பார்த்திருந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 1.6.1981 முதல் அரசு ஊழியர்கள் ஆனார்கள். 1.6.1988 முதல் மத்திய அரசுக்கு இணையான ஊதிய விகிதம் வந்தது. இவை இரண்டும் தானாகக் கனிந்து விழுந்த பழங்கள் இல்லை. சிறைக்குப் போனவர்களும், சம்பளம் இழந்தவர்களும், பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சந்தா வசூலித்தவர்களும் வாங்கிக் கொடுத்தவை. அந்த இணை ஊதியத்தின் பலனாக, ஐந்தாவது மத்திய ஊதியக் குழு காலத்தில் மத்திய அரசுப் பள்ளியின் தொடக்க வகுப்பு ஆசிரியருக்கும் நம் இடைநிலை ஆசிரியருக்கும் (நம்மூர்த் தொடக்க வகுப்பு ஆசிரியரின் பதவிப் பெயர் அது) ஒரே ஊதிய விகிதம்: 4500-125-7000, அதாவது தொடக்கம் 4,500, ஆண்டு உயர்வு 125, உச்சம் 7,000.

ஆறாவது குழுவில் இந்தக் கயிறு அறுந்தது. மத்திய அரசு தன் தொடக்க வகுப்பு ஆசிரியரை மேலே தூக்கி 9300-34800, தர ஊதியம் (பணிநிலைக்கு ஏற்ப அடிப்படை ஊதியத்தோடு சேரும் தொகை) 4,200 என்ற நிலையில் வைத்தது. தமிழ்நாடோ 4500-7000 விகிதத்துக்கு நேர் எதிரே அட்டவணையில் இருந்த 5200-20200, தர ஊதியம் 2,800 என்பதையே தன் இடைநிலை ஆசிரியருக்குக் கொடுத்தது. நிதித்துறை அரசாணை எண் 234, நாள் 1.6.2009. பலரும் பேசுவது இந்த மத்திய-மாநில வேறுபாட்டைத்தான். அந்த ஆணைக்குள்ளேயே இன்னொரு பிளவு இருக்கிறது. அதை எண்ணாகவே பார்ப்போம்.

ஏற்கெனவே பணியில் இருந்தவருக்குப் பழைய அடிப்படை ஊதியத்தை 1.86-ஆல் பெருக்கினார்கள். 4,500 × 1.86 = 8,370. இதோடு தர ஊதியம் 2,800 சேர்த்தால் 11,170. ஆணைக்குப் பிறகு சேர்ந்தவருக்குப் பெருக்குவதற்குப் பழைய ஊதியம் கிடையாது. அவருக்கு விகிதத்தின் அடிமட்டமான 5,200-ஐ வைத்தார்கள். 2,800 சேர்த்து 8,000. மே மாதம் சேர்ந்தவர் 11,170, ஜூன் மாதம் சேர்ந்தவர் 8,000. அதே படிப்பு, அதே பாடநூல், பக்கத்துப் பக்கத்து வகுப்பறை. வித்தியாசம் மாதம் 3,170 ரூபாய், அகவிலைப்படி தனி.

இந்தச் சிக்கல் மத்திய அரசுக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் மத்திய அரசின் 2008 ஊதிய விதிகளில் நேரடி நியமனம் பெறுவோருக்கு நுழைவு ஊதியம் என்று தனி அட்டவணை போட்டார்கள். தர ஊதியம் 2,800 உள்ள பணிக்குப் புதிதாக வருபவருக்கு அதில் 8,560 என்று இருக்கிறது. 2,800 சேர்த்தால் 11,360. இந்த நிலைப் பணிக்குப் புதிதாக வருபவர் அடிமட்டமான 5,200-இல் விழாமல் காத்தது அந்த அட்டவணை. நம் இடைநிலை ஆசிரியருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மத்திய அரசின் 4,200 தர ஊதியத்தைக் கேட்டுப் போராடியது சரிதான். அந்தக் கோரிக்கை மறுக்கப்பட்டால் குறைந்தபட்சம் நுழைவு ஊதியமாவது வேண்டும் என்ற இரண்டாவது கோரிக்கை அன்றே மேசையில் இருந்திருக்க வேண்டும்.

பழைய ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கிய ஏழாவது குழு வந்தபோது இந்தக் குறை தானே பெருகியது. 8,000 × 2.57 = 20,560, அதுதான் இன்றைய தொடக்க ஊதியமான 20,600. 11,170 × 2.57 = 28,707. 3,170 ரூபாய் பள்ளம் 8,147 ரூபாய் ஆனது. மத்திய அரசின் தொடக்க வகுப்பு ஆசிரியர் 35,400-இல் நிற்கிறார். ஊதிய முரண்பாட்டை ஒரு குழுவில் சரிசெய்யாமல் விட்டால் அடுத்த குழு அதைப் பெருக்கல் குறி போட்டுத்தான் திருப்பித் தரும். இடையில் தனி ஊதியம் என்று கிடைத்த 750 ரூபாய் ஆறுதல், தீர்வு அல்ல.

ஏன் அன்றே பிடிக்கவில்லை? அன்றைய உறுப்பினர்களின் ஊதியம் காப்பாற்றப்பட்டுவிட்டது. பாதிக்கப்பட இருந்தவர்களில் பலர் அப்போது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு மூப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. பின்னர் அவர்களே தனிச் சங்கம் கண்டு, 2018 டிசம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பள்ளிக்கல்வித் துறையின் தலைமையகமான டிபிஐ வளாகத்தில் குடும்பத்தோடு உண்ணாவிரதம் இருந்து மயங்கி விழுந்தார்கள். 2022 டிசம்பரில் மீண்டும், 2023-இல் மீண்டும். 2023 ஜனவரியில் இந்தக் கோரிக்கையை ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டது. மூத்த சங்கங்கள் மேடையில் ஆதரவு தெரிவித்தார்கள். 2009-இல் பேசியிருக்க வேண்டியதை 2018-இல் ஆதரிப்பது ஒன்பது ஆண்டு தாமதம். இதை மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

1.4.2003 இன்னும் கொடிய தேதி. 2003 ஜூலை 2 முதல் வேலைநிறுத்தம். அத்தியாவசியப் பணிகள் சட்டத்தின்கீழ் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம். 6.8.2003 அன்று, அந்தப் பணிநீக்கத்தை எதிர்த்த டி.கே.ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கான அரசாணை 259-இன் நாளும் அதே 6.8.2003, நடைமுறை முன்தேதியிட்டு 1.4.2003 முதல். வேலை திரும்பக் கிடைக்குமா என்று மன்னிப்புக் கடிதத்தோடு மக்கள் நின்ற நேரத்தில், இனி வரப்போகிறவரின் ஓய்வூதியத்துக்காகப் பேச யாருக்கும் மூச்சு இல்லை. ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடித்தம், அரசின் பங்கு அதே அளவு, உத்தரவாதமான ஓய்வூதியம் கிடையாது என்றது அந்த ஆணை. அந்த ஒரு வரியை எதிர்த்து இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல், ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ தெருவில் நின்றது.

பகுதிநேர ஆசிரியர்களின் நிலை இதன் மூன்றாம் முகம். ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி என்று 16,549 பணியிடம், 2012-இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். 2014-இல் 7,000, 2017-இல் 7,700, 2021-இல் 10,000, 2024-இல் 12,500. ஒவ்வொரு உயர்வும் செய்தித்தாளில் வந்தது, ஒவ்வொன்றுக்கும் நன்றி தெரிவித்தார்கள். தொகுப்பூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாது, ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. இவை இரண்டும் உள்ள காலமுறை ஊதியம் என்ற சொல் ஆணையில் ஏறாதவரை, தொகை எவ்வளவு ஏறினாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையேந்த வேண்டும்.

சரி, எப்படிக் கேட்டால் நடக்கும்? பணம் செலவாகும் எந்தக் கோரிக்கையும் பள்ளிக்கல்வித் துறையில் முடிவதில்லை. கோப்பு நிதித்துறைக்குப் போகும், அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி ஆண்டுச் செலவு எவ்வளவு என்பது. அந்தக் கணக்கைச் சங்கம் கொடுக்காவிட்டால் அவர்களே போடுவார்கள், பெரிதாகத்தான் போடுவார்கள். மேலே சொன்ன 8,147 ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆயிரம் ஆசிரியருக்கு ஆண்டுக்கு சுமார் 9 கோடியே 78 லட்சம், அகவிலைப்படி நீங்கலாக. எத்தனை ஆயிரம் பேர் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட வாரியாக வாங்கிவிடலாம். இந்த இரண்டு எண்ணும் உள்ள ஒரு பக்கத் தாள், பதினைந்து அம்சக் கோரிக்கை அச்சடித்த துண்டறிக்கையைவிட அதிக வேலை செய்யும். கொடுக்க வேண்டிய நேரமும் முக்கியம். நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. ஜனவரி கடைசியில் மாநாடு நடத்திக் கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டுக்குத்தான் கேட்கிறோம் என்று பொருள். அக்டோபருக்குள் தாள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தவுடன் பட்டாசு வெடிக்கிறோம். அறிவிப்புக்கும் அரசாணைக்கும் நடுவில் மாதங்கள் ஓடும், வாசகம் மாறும். ஆணை வந்த பிறகு கருவூலம் தெளிவுரை கேட்கும். அந்தத் தெளிவுரை வராதவரை, அரசு சம்பளம் போடும் களஞ்சியம் மென்பொருளில் பட்டியல் ஏறாது. ஏறி மூன்று ஆண்டு கழித்துத் தணிக்கைத் தடை வந்து, வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ஆணையில் "ஊதியம்" என்று எழுதியிருக்கிறதா, "படி" என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அகவிலைப்படியும் ஓய்வூதியமும் மாறும். ஆணையை வரிவரியாகப் படிக்கத் தெரிந்த ஓர் ஆளாவது வட்டாரக் கிளையில் இருக்க வேண்டும். நல்ல கிளைச் செயலாளர் என்றால் பணிப்பதிவேட்டையும் விருப்பப் படிவத்தையும் கையில் வைத்துக்கொண்டு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் நிற்பவர். அவருக்குப் பொன்னாடை போர்த்த யாரும் வருவதில்லை. சங்கத்தின் முதுகெலும்பு அவர்தான்.

வேலைநிறுத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் விலையை உறுப்பினருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2019 ஜனவரி 22 முதல் 30 வரை நடந்த போராட்டத்தில் நாட்களுக்கான சம்பளம் போனது ஒரு பக்கம். ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-இன்கீழ் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் தாண்டிப் போகும் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நடவடிக்கைகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில்தான் அறிவிப்பு வந்தது. தகுதிகாண் பருவம் முடிக்காத ஒருவரை மறியலின் முன்வரிசையில் நிறுத்தக் கூடாது. தற்காலிகப் பணிநீக்கம் ஆகிறவரின் வீட்டுக்கு மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், யார் கொடுப்பது என்பதை வேலைநிறுத்தத் தீர்மானத்திலேயே எழுத வேண்டும்.

செலவில்லாத கோரிக்கைகளும் உண்டு. எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் இணையத்தளம்) பதிவேற்றம் எத்தனை, எத்தனை முறை, யார் செய்வது என்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். அவற்றைச் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்துக் கட்டினால் இரண்டும் சேர்ந்தே தேங்கும். தனித்தனியாகக் கொடுத்தால் இது இயக்குநர் மட்டத்திலேயே முடியும்.

இப்போது எட்டாவது மத்திய ஊதியக் குழு வேலையைத் தொடங்கிவிட்டது. தமிழ்நாடு ஆறாவதிலும் ஏழாவதிலும் செய்ததுபோல ஓர் அலுவலர் குழுவை வைத்து அதைத் தழுவக்கூடும். ஏழாவதில் கருத்தியலாக (கணக்குக்கு மட்டும்) 1.1.2016 என்றும் பணப்பலன் 1.10.2017 முதல் என்றும் ஆணையிட்டு 21 மாத நிலுவை போய்விட்டது. ஆகவே அந்தக் குழுவிடம் மூன்று வரிகளையாவது எழுத்தில் கேட்க வேண்டும். பெருக்குவதற்கு முன் 20,600-ஐத் திருத்த வேண்டும், பெருக்கிய பின் அல்ல. ஆணை நாளுக்குப் பின் பணியேற்பவரின் நுழைவு ஊதியம், அதற்கு முந்தைய நாள் பணியேற்றவருக்கு நிர்ணயிக்கப்படும் ஊதியத்தைவிடக் குறையக் கூடாது. பணப்பலன் தேதியும் கருத்தியல் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது வரியால் இன்றைய உறுப்பினர் ஒருவருக்கும் ஒரு ரூபாய்கூட வராது. அதனால்தான் பேரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுவாகவே இருக்கும். இந்த ஆண்டு ஆசிரியர் பயிற்சி முடிக்கிற பிள்ளைகளில் நான்கு பேரை மாவட்டச் செயற்குழுவுக்கு அழைத்து, அந்த வரியை அவர்கள் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள்.