அந்த அக்காவின் பெயர் எங்கே?

மூன்று நாளாக ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தப் போட்டோவைப் பற்றித்தான் சொல்கிறேன். இன்டர்ன்ஷிப்புக்கு வந்த வெளிநாட்டு மாணவர்கள் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலம் பக்கம் பிள்ளைகளுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுக்கிறார்கள். கீழே மாணவர்கள் எல்லார் பெயரும் இருக்கிறது. பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் ஜூலுவில் எடுத்துச் சொன்ன சுகாதாரப் பணியாளர் அக்காவின் பெயர் மட்டும் இல்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் பக்கத்து ஊரான டோங்காட்டின் குடிநீர் நிலையம் நாசமானதும் அந்த ஊர் மாதக்கணக்கில் தண்ணீருக்குத் தவித்தது நமக்கெல்லாம் தெரியும். வெருலத்திலும் குழாயை நம்பி இருக்க முடியாது. வாளியோடு டேங்கர் லாரிக்குக் காத்து நிற்கிற பிள்ளைக்கு முதல் பாடம் கை கழுவுவதா? அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

படிக்க வந்தவர்கள் முதலில் படிக்கட்டும். அந்த அக்கா பின்னால் வீடு வீடாக நடக்கட்டும்.

எங்கள் அப்பாவுக்குக் காசநோய் வந்தபோது, மாத்திரை ஆரம்பித்ததுமே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. ரத்தம் என்று பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்படி ஆகும் என்று மருந்து கொடுத்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் படியேறி வந்த ஒரு ஜூலு அம்மாதான் சொன்னார்: "பாபா, அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். கண்ணீர்கூட அப்படி வரலாம், பயப்படாதீங்க." அப்பா மாத்திரையை விழுங்கும்வரை அந்த அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஆறு மாத சிகிச்சை முடியும்வரை வந்துகொண்டே இருந்தார். சிகிச்சை பாதியில் நின்றால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் உள்ள டுகேலா ஃபெரியில், முக்கியமான மருந்துகள் பலவற்றுக்கு அடங்காத காசநோய் வந்த 53 பேரில் 52 பேர் இறந்த செய்தி 2006-ல் வெளியானது. அதே மாகாணத்தில்தான் இந்தப் பெண்கள் தினமும் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள்.

"நல்ல மனசோடு வந்த பிள்ளைகளை ஏன் திட்டுகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். பிள்ளைகளைத் திட்டவில்லை. இருபது வயதில் இவ்வளவு தூரம் வருவது பெரிய விஷயம், சரி. பணம் வாங்கிக்கொண்டு அனுப்பி வைக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன். "இங்கே யாருக்கும் தெரியாது, நாம் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்று அவர்களிடம் யார் சொன்னது? 1998-ல், எச்ஐவி மருந்து எல்லாருக்கும் கிடைக்கப் போராடும் இயக்கமான ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் தொடங்கிய பிறகு, எச்ஐவி மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சக நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நோயாளிகள்தான். அரசாங்கத்தை நீதிமன்றம்வரை இழுத்து, 2002-ல் கர்ப்பிணிகளுக்கு, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவி தொற்றுவதைக் குறைக்கும் நெவிரபின் மருந்து கிடைக்கத் தீர்ப்பு வாங்கியவர்களும் அவர்களே. இந்த நாட்டுக்கு மருந்துப் பாடம் புதிதில்லை.

அப்புறம் நேற்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார்: "ஜூலுக்காரிக்காக நீ ஏன் இவ்வளவு கொதிக்கிறாய்?" இதைப் படித்ததும் தூக்கமே போய்விட்டது. 1860-லிருந்து கப்பல் கப்பலாக இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய நம் ஆட்களை முதலாளிமார் ஒப்பந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் பார்த்தார்கள். பேர் இல்லாமல் வேலை வாங்கப்படுவது என்னவென்று நமக்கா தெரியாது? என் அப்பா உயிரோடு இருப்பது ஒரு ஜூலுக்காரியால். அதற்கு மேல் எந்தக் காரணமும் எனக்குத் தேவையில்லை.

அமைப்பாளர்களுக்கு எழுதிவிட்டேன். அந்த அக்காவிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் அவர் பெயரை முதலில் போடுங்கள். அடுத்த குழுவுக்குப் பயிற்சி கொடுக்க அவரையே கூப்பிடுங்கள், சம்பளத்தோடு. அதுவரைக்கும் அந்தப் போட்டோவில் என்னை யாரும் டேக் செய்ய வேண்டாம்.