அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டது என் தப்புதான்

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று நாலு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று, அங்கே என்னைக் கேலி செய்தபோது எடுத்த போட்டோவை மறுபடியும் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சரி, எழுதிவிடுகிறேன்.

வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கையில் இருந்த மாத நாவலைப் பிடுங்கி, அட்டையைச் சபைக்குக் காட்டி, "முதல்ல இந்த பஸ் ஸ்டாண்டு குப்பையைத் தூக்கிப் போடுங்க சார், அப்புறம் படிக்கிறதப் பத்திப் பேசலாம்" என்றார், வட்டத்தில் நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அட்டையில் துப்பாக்கி, ஒரு பெண்ணின் கண், ரெண்டு சொட்டு ரத்தம். மாத நாவல் அட்டை அப்படித்தான் இருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

அந்தக் குப்பைதான் என்னைத் திரும்பப் படிக்க வைத்தது.

எனக்கு உரக்கடை. மேட்டூர் திறந்துவிட்டால் உட்கார நேரம் கிடைக்காது. சித்திரையில் ஈ ஓட்டுவோம். இருபத்தைந்து வருஷமாக மருந்து டப்பாவில் இருக்கும் எழுத்தைத் தவிர எதையும் நான் முழுசாகப் படித்ததில்லை. இந்தச் சித்திரையில் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நாலு நாள் ரிப்பேரில் கிடந்தது. யாரோ மூட்டை மேல் விட்டுப்போன நாவல் ஒன்று கடையில் இருந்தது, முதல் எட்டுப் பக்கம் இல்லாமல். செத்தது யார் என்றே தெரியாமல் கொன்றது யார் என்று தேடிக்கொண்டு போனேன். முதல் நாள் பத்துப் பக்கம் தாண்டவில்லை. படித்த வரியையே மூன்று தடவை படித்தேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், போன் இல்லாமல் திரும்பி வந்தது. நாலாம் நாள் மதியச் சோறு ஆறிப்போனதே தெரியவில்லை. போன் சரியாகி வந்த பிறகும் 2 மணியிலிருந்து 4 மணி வரை அதை யூரியா குடோனில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.

இதுவரை பதினொன்று முடித்திருக்கிறேன். ஏழு மாத நாவல், ஒரு சோழர் கதை, மீதி நம்ம கும்பகோணம் பக்கத்து எழுத்தாளர்கள். ஒன்று இன்னொன்றைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. அண்ணன் தந்த நூறு புத்தகப் பட்டியலிலிருந்தும் ஒன்றை எடுத்தேன். நாற்பதாம் பக்கத்திலும் கதாநாயகன் ஜன்னலோரமாகவே நின்றுகொண்டிருந்தான். விட்டுவிட்டேன். அதற்கும் ஏச்சு.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். அதில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். அட்டையைப் பார்த்து ஆளை விரட்டு என்கிற ஆறாவது விதி அண்ணன் வீட்டுப் பிரதியில் மட்டும் இருக்கிறதோ என்னவோ. அதே 1931இல்தான் நம்ம மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். மேடை கிடைத்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் நாம் யாரும் இறங்குவதில்லை, அண்ணனும்தான். வீட்டு வாசலுக்கு வண்டி வந்த ஊரில், தானாகத் தேடி வந்தவனுக்கு இந்த மரியாதை.

"விளையாட்டுக்குச் சொன்னார், நீங்கதான் பெருசாக்குறீங்க" என்று மூன்று பேர் போன் செய்தார்கள். விளையாட்டென்றால் ரெண்டு பேரும் சிரிக்கணும். நான் சிரித்தேனா? போட்டோவில் நன்றாகப் பாருங்கள்.

"அப்போ தரம்னு ஒண்ணு கிடையாதா?" உண்டு. யார் இல்லை என்றது? மண்ணைப் பார்க்காமல் எல்லா வயலுக்கும் ஒரே மூட்டையைத் தலையில் கட்டுகிற கடைக்காரனை நீங்கள் என்னென்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், கல்லாவில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். புத்தகம் என்றால் மட்டும் எல்லாருக்கும் அதே நூறா? நூலகத்தில் இதையெல்லாம் வாங்கி வைக்கவே கூடாது என்று ஒருவர். வீட்டு வரியோடு நூலக வரி நானும்தான் கட்டுகிறேன் சார்.

உண்மையைச் சொன்னால், அண்ணன் மேல் மட்டும் இருக்கிற கோபம் இல்லை இது.

அம்மா படித்தது ஐந்தாவது வரை. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைக் கிழித்து, வாரவாரியாக அடுக்கி, கடையிலிருந்து வரும் கோணி ஊசியாலும் சணலாலும் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருப்பாள். கதைக்குப் பின்பக்கம் தலைமுடித் தைல விளம்பரம், பாதி மைசூர்பாகு செய்முறை. அப்படிப் பதினாலு. நான் கல்லூரி ரெண்டாம் வருஷம். இலக்கியம் பேச ஆரம்பித்திருந்த காலம். அம்மா வலங்கைமான் பாடைக்காவடித் திருவிழாவுக்குப் போயிருந்த அன்று பதினாலையும் பழைய பேப்பர்க்காரர் தராசில் தூக்கி வைத்தேன். வந்து கேட்டபோது நான் சொன்ன வார்த்தை, "குப்பை." சத்தியமாக அதே வார்த்தை. அம்மா திட்டவில்லை. "ஒண்ணுல பால் கணக்கு எழுதி வச்சிருந்தேன் தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தபோது எனக்குக் கேட்டது யார் குரல் என்று இப்போது புரியும். போகட்டும்.

அம்மாவுக்கு இப்போது பொடி எழுத்து தெரிவதில்லை. கடை சாத்திவிட்டு வந்து ராத்திரி நான்தான் படித்துக் காட்டுகிறேன். போட்டோவில் இருக்கிற அதே நாவல்தான். சுவாரசியமான இடம் வந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள், "மிச்சம் நாளைக்கு." வாரம் முழுக்கக் காத்திருந்து படித்த பழக்கம். நேற்று முப்பதாம் பக்கத்திலேயே, "அந்த டாக்டர்தான் கொன்னிருப்பான், பாத்துக்கோ" என்றாள். எனக்கென்னவோ மச்சான்காரன் மேல்தான் சந்தேகம். இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது. அண்ணன் பட்டியல் அதற்கு அப்புறம்தான்.