பஸ் பிடிக்கும் முன்னால் ரோட்டைக் கடக்க வேண்டும்

சென்னையில் பஸ் போதவில்லை, மெட்ரோ எப்போது முடியும் என்று நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் பஸ்ஸில் போய் வருகிற எல்லோரும் ஒரு நாளில் ஒரு தடவையாவது ரோட்டைக் குறுக்கே கடந்தாக வேண்டும். காலையில் இந்தப் பக்கம் ஏறினால் சாயங்காலம் எதிர்ப் பக்கம்தானே இறக்கி விடுவார்கள்? இந்தச் சாதாரணக் கணக்கு ரோடு போடுகிறவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

ஓஎம்ஆரையே, அதாவது பழைய மாமல்லபுரம் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வழிச் சாலை, இப்போது நடுவில் மெட்ரோ வேலைக்கான தடுப்பு வேறு. கடக்க வழி கேட்டால் நடைமேம்பாலத்தைக் காட்டுவார்கள். முழங்கால் வலிக்காரர், இடுப்பில் குழந்தையும் கையில் காய்கறிப் பையுமாக வருகிற பெண், எல்லோரும் மாடி உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும். எதற்கு? கீழே கார் நிற்காமல் போவதற்கு. இது நமக்காகக் கட்டியது என்று நம்மையே நம்ப வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் சாமர்த்தியம். வண்டிகளுக்கு வழி விடுவதற்காக நம்மை மேலே ஏற்றி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏற முடியாத யாராவது கீழே குறுக்கே ஓடி அடிபட்டால், "பாலம் இருக்கும்போது ஏன் இப்படிப் போகணும்" என்று செத்தவரையே திட்டவும் ஆள் இருக்கிறது.

வேகம் இன்னொன்று. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்தார்கள், குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. அந்த 30-ஐ உங்கள் தெருவில் யாராவது மதிக்கிறார்களா? 30-ல் வரும் வண்டி இடித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம், 60-ல் இடித்தால் உயிர் போகும் ஆபத்து பல மடங்கு அதிகம். பலகை வைத்தால் மட்டும் வேகம் குறையாது, ரோட்டையே மெதுவாகப் போக வேண்டிய மாதிரி அமைக்க வேண்டும்.

சரி, கடந்தாகிவிட்டது, பஸ் ஸ்டாப்புக்கு வந்தாயிற்று. அங்கே ஷேர் ஆட்டோ நிற்கிறது, அதன் பின்னால் இரண்டு கார், ஒரு தள்ளுவண்டி. பஸ் நடு ரோட்டில் நிற்கும், நாம் இறங்கி ஓடிப் போய் ஏற வேண்டும். இறங்குகிறவர் பாடு அதைவிட மோசம், காலைக் கீழே வைக்கும் நேரத்தில் பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையில் ஒரு பைக் புகுந்து வரும். எல்லோரும் டிரைவரைத் திட்டுகிறோம். அவர் எங்கே கொண்டு போய் ஓரம் கட்டுவார்?

மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதற்குப் பிறகு 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அந்த பஸ் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கும், சக்கர நாற்காலி ஏற சாய்தளப் பலகை இருக்கிறது. ஆனால் அது பிளாட்பாரத்தை ஒட்டி நின்றால்தான் ஒழுங்காகப் பயன்படும். பிளாட்பாரம் என்று ஒன்று இருந்து, அதில் டிரான்ஸ்பார்மரோ டீக்கடை பெஞ்சோ இல்லாமல் இருந்து, நாற்காலி அதுவரை வந்து சேரவும் முடிய வேண்டும். கோர்ட்டில் ஜெயித்து வாங்கிய பஸ் அது, அதில் ஏற விடாமல் செய்வது ஒரு ஆக்கிரமிப்பும் நாலு அங்குலப் பள்ளமும். 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட் இலவசம். உருப்படியான திட்டம், கிண்டல் செய்கிறவர்களோடு எனக்குச் சண்டையே வந்திருக்கிறது. ஆனால் ராத்திரி வேலை முடிந்து, விளக்கில்லாத ஸ்டாப்பில் இறங்கி, பிளாட்பாரம் இல்லாத தெருவில் நடந்து போகிற பெண்ணுக்கு டிக்கெட் மட்டுமா பிரச்சினை?

காசு இல்லை என்பார்கள். போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டும் என்று சென்னை மாநகராட்சி கொள்கையே வைத்திருக்கிறது. 2014-லேயே! படித்தால் கண்ணீர் வரும், அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது, திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி என்ன சொல்ல.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பஸ் ஸ்டாப் பக்கத்திலும் தரையிலேயே கடக்க ஓர் இடம், அந்த இடத்தில் ரோட்டைப் பிளாட்பார உயரத்துக்கு மேடாக்கி விடுங்கள், நடுவில் மூச்சு வாங்க நிற்க ஒரு திட்டு கொடுங்கள். 100 அடி ரோடு என்றால் 30 மீட்டர், வயதானவருக்கு 40 நொடியாவது பச்சை எரிய வேண்டும். டிராபிக் ஜாம் ஆகும் என்பார்கள். ஆகட்டுமே, ஏசி போட்டு உட்கார்ந்திருப்பவர் 40 நொடி காத்திருக்கட்டும். பாண்டி பஜாரில் 2019-ல் கார் ஓடும் இடத்தைக் குறைத்துத்தான் நடைபாதையை அகலமாக்கினார்கள், ஊர் ஒன்றும் ஸ்தம்பித்துவிடவில்லை. துணி வாங்க வருகிறவர்களுக்குச் செய்ய முடிந்ததை, வியாசர்பாடியிலும் பல்லாவரத்திலும் வேலைக்கு பஸ் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு ஏன் செய்யக் கூடாது?