வெளியே வரும் வழியையும் பாருங்கள்

'புதிதாக ஆப் எழுதுபவர்களுக்கு ஃபயர்பேஸே போதும்' என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள் (ஃபயர்பேஸ் என்பது ஆப்புக்குப் பின்னால் நடக்கும் சர்வர் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கூகுள் சேவை). லாகின், நோட்டிஃபிகேஷன் வரைக்கும் சரிதான். ஆனால் அதன் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோரில் முக்கியமாகக் கட்டணக் கணக்கு ஏறுவது படிக்கிற டாக்குமென்ட் (ஒவ்வொரு தரவுப் பதிவும் ஒரு டாக்குமென்ட்) எண்ணிக்கையில். ஒரு திரை 100 டாக்குமென்டை இழுக்கிறது என்றால், அதை 500 முறை திறந்ததுமே ஒரு நாளைக்கு இலவசமாகத் தரும் 50,000 வாசிப்பு காலி. இத்தனை பதிவு போதும் என்று லிமிட் போடாமல் லிஸ்ட் எழுதுகிறவர்கள் (நானும் எழுதியிருக்கிறேன்) இதில்தான் மாட்டுவார்கள்.

ஆர்டர், வாடிக்கையாளர், பொருள் என்று ஒன்றோடொன்று கோத்த தரவென்றால் நான் இதே மாதிரி இன்னொரு சேவையான சுப்பாபேஸ் பக்கம்தான் போவேன். அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். ஜாயின் எழுதி அட்டவணைகளை இணைத்துப் படிக்கலாம், பிடிக்கவில்லையென்றால் டம்ப் (மொத்தத் தரவின் நகல்) எடுத்து வேறு சர்வருக்குப் போகலாம். அப்புறம், ஃபயர்பேஸ் மாதிரியே இருந்து 2017-இல் மூடிய பார்ஸ் சேவையை மறந்துவிட்டீர்களா? இடம் மாற ஒரு வருடம்தான் அவகாசம் கொடுத்தார்கள்.